கூப்பன் இல்லாமல் வீட்டில் சாமான் சேர்ப்பது: ஒட்டுசுட்டானிலிருந்து வந்த கேள்விக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி முதலில் சொல்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் வீடு. மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். உங்கள் வீட்டுக்காரர் மேசன் வேலைக்குப் போகிறார், மழை தொடங்கினால் வேலை படுத்துவிடும். வெளிநாட்டில் பத்திரிகைக் கூப்பன் வெட்டி அறை நிறையச் சாமான் அடுக்குகிற வீடியோக்களைப் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் பேப்பரில் அப்படி ஒன்றும் வருவதில்லை, மாதம் மூவாயிரம் நாலாயிரம் மிஞ்சினாலே பெரிய காரியம், இந்த நிலையில் மூன்று மாதச் சாமானை எப்படிச் சேர்ப்பது என்பது உங்கள் கேள்வி. அயலவர் வந்து கேட்டால் என்ன செய்வது என்று கடைசியில் ஒரு வரியும் போட்டிருக்கிறீர்கள். கூப்பனை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். கையில் மொத்தக் காசு இல்லாதவர் மொத்தமாகச் சேர்க்கலாமா? சேர்த்தது கெடாமல் கிடக்குமா? முதலாவதற்குப் பதில், சேர்க்கலாம், ஆனால் ஒரு வருடம் பிடிக்கும். இரண்டாவதில்தான் ஆட்கள் கூடுதலாகக் காசை விடுகிறார்கள், அதனால் அதைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன்.

கூப்பன் கதையை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு வருகிற அந்தத் துண்டுகளை அடிப்பது பெரும்பாலும் சாமான் செய்கிற கொம்பனிகள். கடைக்காரர் உங்களுக்குக் குறைத்த காசைக் கொம்பனி பிறகு அவருக்குக் கொடுத்துவிடும். விளம்பரத்துக்குச் செலவழிக்கிற காசுதான் அது. ஆகவே பற்பசை, சலவைத்தூள், பெட்டியில் அடைத்து வருகிற தீன் வகைகளுக்குத்தான் அங்கே கூப்பன் அதிகம். அரிசிக்கும் பருப்புக்கும் வெங்காயத்துக்கும் அங்கேயும் அபூர்வம். அந்த அறையில் நாற்பது பற்பசை இருக்கும், ஐந்து பேருக்கு இரவுச் சாப்பாடு இருக்குமோ தெரியாது. நீங்கள் இழந்தது ஒன்றும் பெரிதில்லை.

நான் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் நெடுங்காலம் சாமான் பொறுப்புப் பார்த்தவன். பிறகு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களோடு நெல் சேமிப்பு வேலைகளில் நின்றிருக்கிறேன். வன்னியில் இருப்பு வைப்பது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. தடிகளால் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய கொம்பறை எங்கள் பெற்றோர் காலத்தில் வளவுக்கு ஒன்று நின்றது. 1990களின் பொருளாதாரத் தடையில் நெல் இருந்த வீட்டிலும் மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் ஒரு தலைமுறை படித்தது, சவுக்காரம் இல்லாமல் பனங்காய்க் களி போட்டு உடுப்புத் தோய்த்தது. 2022இலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள் விலை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. 87 ரூபாய் விற்ற மண்ணெண்ணெய் லீற்றர் ஓகஸ்ற் மாதம் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. இந்த இரண்டு காலத்தையும் பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். எங்கள் மண்ணில் விளைவது ஒரு மாதிரி நடந்துகொள்ளும், கப்பலில் வருவது வேறு மாதிரி நடந்துகொள்ளும். இரண்டையும் ஒரே முறையில் சேர்க்கப் போனால் காசும் காணாது, இடமும் காணாது.

நெல், உழுந்து, பயறு, கச்சான், எள்ளு, புளி, கருவாடு, ஒடியல் இவையெல்லாம் எங்கள் பக்கத்துச் சாமான். அறுவடை நேரம் விலை விழும், பிறகு ஏறும். இவற்றை வருடத்தில் ஒரு தரம், அந்தந்தப் பருவத்தில் மொத்தமாக வாங்க வேண்டும். மைசூர்ப் பருப்பு, சீனி, கோதுமை மாவுக்கான தானியம், பால்மா, மண்ணெண்ணெய் எல்லாம் கப்பலில் வருகிறவை. சீனி கொஞ்சம் நாட்டில் உற்பத்தியாகிறதுதான், ஆனால் பெரும்பகுதி இறக்குமதி. இவற்றின் விலை டொலரைப் பார்த்து ஆடும், தை மாசி என்று பார்க்காது. எப்போது மலியும் என்று காத்திருந்து பலனில்லை, மாதாமாதம் கொஞ்சம் கூடுதலாக எடுத்து ஒதுக்குவதுதான் வழி. இந்தப் பிரிப்பும் முழுக்க நூல் பிடித்த மாதிரி நிற்காது என்பதையும் சொல்லவேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது அடுத்த காலபோகத்தில் (மழையோடு செய்கிற பெரிய போகம்) எங்கள் வயலிலும் விளைச்சல் விழுந்தது, 2022இல் அரிசியும் மலிவாக இருக்கவில்லை. வயலுக்குப் போகிற உரமும் கப்பலில்தானே வருகிறது.

இனிக் கணக்கு. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 300 கிராம் அரிசி, பிள்ளைக்கு 200 என்று வையுங்கள். புட்டு, இடியப்ப மாவுக்கும் சேர்த்துத்தான். உங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 1.3 கிலோ, மூன்று மாதத்துக்கு 120 கிலோ அளவில் வரும். மில்லில் 100 கிலோ நெல் கொடுத்தால் 65 கிலோ அரிசி வரும் என்று எடுக்கலாம். மில்லைப் பொறுத்து, நெல்லைப் பொறுத்து இரண்டு மூன்று கிலோ கூடிக் குறையும். ஆக 185 கிலோ நெல் வேண்டும். புசல் கணக்கில் ஒன்பது புசல், ஒரு புசல் ஏறத்தாழ 21 கிலோ. மூடைக் கணக்கில் பேசினால் மட்டும் மூடை எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். உரப்பைக்கும் சாக்குக்கும் இடையில் பத்து இருபது கிலோ ஒளிந்திருக்கும்.

காசுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்கு அரசு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். அதே காலத்தில் நாட்டரிசிக்கு வைத்த உச்ச சில்லறை விலை 230 ரூபாய். 185 கிலோ நெல் 22,200 ரூபாய். 120 கிலோ அரிசியைக் கடையில் எடுத்தால் 27,600. நடுவில் நிற்கிற 5,400 ரூபாயில் ஏற்றுக்கூலி, அவிக்கிற விறகு, மில் கூலி போக உங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். கோழி நின்றால் தவிடும் குறுணலும் ஆதாயம். ஆகவே நெல் வாங்கினால் பாதி விலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மழை மாதத்தில் அவருக்கு வேலையில்லாத நேரம், அரிசி விலையும் ஏறிக் கிடக்கிறபோது, நீங்கள் கடைக்கு ஓடாமல் இருப்பீர்கள். அதற்காகத்தான் இவ்வளவு பாடும். மாதம் 3,500 ஒதுக்கினால் ஆறு ஏழு மாதத்தில் இந்தத் தொகை சேரும் என்பதையும் கவனியுங்கள்.

எப்போது வாங்குவது? காலபோக நெல் தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனியில் வயலில் குவியும். எல்லோரும் மாசியில் வாங்கச் சொல்வார்கள், விலை குறைவு என்பதால். உங்களுக்கு நெருக்கடி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மாசியில் வாங்கினால் எட்டு மாதம் காவல் காக்க வேண்டும். நீங்கள் இருப்பது முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கிட்ட, குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (வெயில் காலத்து இரண்டாம் போகம்) செய்கிற இடம். ஆவணி அளவில் சிறுபோக நெல் வரும். அப்போது வாங்கினால் இரண்டு மூன்று மாதம் வைத்தால் போதும், வெயில் காலத்தில் அவர் உழைத்த காசும் கையில் இருக்கும். ஒன்றுதான், குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோக ஏக்கரை வெட்டிவிடுவார்கள். போகத்துக்கு முன் நடக்கிற பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்று தீர்மானித்துவிடுவார்கள், கமக்காரர் அமைப்பில் யாரையும் கேட்டால் தெரியும். ஏக்கர் குறைகிற வருடம் என்றால் ஆவணிக்குக் காத்திராமல், பங்குனி சித்திரையில் இன்னும் நெல் வைத்திருக்கிறவரிடம் பாதியையாவது எடுத்துவிடுங்கள்.

இனி நெல்லைக் காய வைப்பது. இப்போது வெட்டுவது மெசினில், நெல் வயலிலிருந்து நேரே பைக்குள் விழுகிறது, அதனால் ஈரம் கூட. ஈர நெல் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 20 வீத ஈரமுள்ள 100 கிலோவை 13 வீதத்துக்குக் காய வைத்தால் 92 கிலோதான் நிற்கும். பேசும்போது இந்த எட்டுக் கிலோவைக் கழித்துப் பேசுங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை எடுப்பதே 14 வீதத்துக்கு மேற்படாத நெல்லைத்தான். வீட்டில் மாதக்கணக்கில் வைக்கிறதென்றால் 13 நல்லது. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் தார் ரோட்டிலே பரப்புகிற மாதிரி நீங்கள் செய்ய வேண்டாம். கல் சேரும், டயர் ஏறி நெல் உடையும். முற்றத்தில் தறப்பாளோ பாயோ விரித்து, இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கொருக்கால் காலாலே உழக்கிப் புரட்ட வேண்டும். உச்சி வெயிலில் தறப்பாள் காலைச் சுடுகிறது என்றால் நெல்லைக் கூட்டிக் குவித்து மூடிவிடுங்கள். அந்தச் சூட்டில் மணி உள்ளே வெடிக்கும், மில்லுக்குப் போனால் குறுணலாய் வரும்.

காய்ந்ததா என்று பல்லில் கடித்துப் பார்ப்பார்கள், 'டக்' என்று உடைய வேண்டும். அனுபவக்காரருக்கு அது சரி. உங்களுக்கு ஒரு போத்தல் பரிசோதனை சொல்கிறேன். நன்றாய்க் காய்ந்த, உட்புறம் ஈரமில்லாத கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல் போடுங்கள். சட்டியில் வறுத்து ஆறவிட்ட உப்பு இரண்டு மூன்று கரண்டி சேருங்கள். மூடி, சில நிமிடம் குலுக்கி, கால் மணித்தியாலம் வையுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 வீதத்துக்கு மேலே, திரும்பக் காய வைக்க வேண்டும். உப்பு பொலபொலவென்று விழுந்தால் 15க்குக் கீழே. 14ஆ 13ஆ என்று இந்தப் போத்தல் சொல்லாது. ஒட்டாமல் விழுந்த பிறகும் ஒரு நாள் வெயில் கூடுதலாகக் காட்டுவது என் வழக்கம்.

நெல்லாக வைப்பதா, அரிசியாக்கி வைப்பதா என்றால் சந்தேகமில்லாமல் நெல்லாக. உமி இருக்கும் வரை வண்டு லேசில் ஏறாது. தவிடு போகாத சிவப்பரிசியை அதிக காலம் வைத்தால் தவிட்டிலுள்ள எண்ணெய் காறிப்போகும். ஆகவே மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அவித்துக் காய வைத்துக் குத்தி எடுங்கள். கொம்பறை கட்டச் சொல்ல மாட்டேன், அதைக் கட்டத் தெரிந்த கைகளே குறைந்துவிட்டன. இறுக்கமான மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் பரல் இரண்டு வாங்கினால் போதும். முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிநாசினியோ இரசாயனமோ இருந்த பரலை எத்தனை தரம் கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது. தகரக் கூரைக்கு நேர் கீழேயும், வெயில் அடிக்கிற சுவரோடும் பரலை வைக்க வேண்டாம். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது உள்ளே வியர்க்கும், மேல் நெல் பூஞ்சணம் பிடிக்கும். நிலத்தில் நேரே வைக்காமல் கல்லடுக்கிப் பலகை போட்டு, அதற்கு மேலே வையுங்கள். 2018 மார்கழி வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள், உங்கள் வளவில் எவ்வளவு உயரம் ஏறியது என்று மாமியைக் கேட்டுப் பலகையை அதற்கு மேலே போடுங்கள்.

வண்டு பற்றி ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை மூன்று. நன்றாகக் காய்ந்த தானியத்தில் வண்டு மெதுவாகவே பெருகும். காற்றுப் புகாத பாத்திரத்தை வாய்வரை நிரப்பி மூடினால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து வண்டு செத்துப்போகும். இரண்டு வாரத்துக்காவது திறக்கக்கூடாது, நிரப்பாமல் பாதியாய் வைத்தால் பலன் குறைவு. மூன்றாவது, அரிசி வண்டு முட்டையிலிருந்து வண்டாக எங்கள் வெக்கையில் ஒரு மாதம் மட்டில் எடுக்கும். அதற்குள், மூன்று வாரத்துக்கொருக்கால், சுளகில் கொட்டிக் காலை வெயில் காட்டிப் புடைத்தால் பெருக்கம் உடையும். வேப்பிலை போடுவது, செத்தல் மிளகாய் போடுவது இவையெல்லாம் இரண்டாம் தரம். காய்ந்த வேப்பிலை வண்டைக் கொஞ்சம் விரட்டும் என்பதை மறுக்க மாட்டேன், ஆனால் ஏற்கெனவே மணிக்குள் இருக்கிற முட்டையை அது ஒன்றும் செய்யாது. பச்சை இலை போட்டால் ஈரம்தான் சேரும். செத்தல் மிளகாயால் வண்டு செத்ததை நான் கண்டதில்லை. மில்லிலும் பெரிய களஞ்சியத்திலும் போடுகிற புகைக் குளிசையைச் சில பேர் வீட்டுக்குக் கொண்டுவந்து பரலுக்குள் போடுகிறார்கள். தயவுசெய்து அது வேண்டாம். ஈரம் பட்டதும் அதிலிருந்து வருகிற பொஸ்பீன் வாயு, படுத்திருக்கிற பிள்ளைகளைக் கொல்லப் போதுமானது.

உழுந்து, பயறு, கௌப்பிக்கு வருவது வேறு வண்டு. அது வயலிலேயே முட்டையிட்டுவிடும், நீங்கள் வாங்கும்போதே உள்ளே இருக்கும். உடைத்த பருப்பில் அதன் தொல்லை குறைவு, முழுதாக வைத்தால்தான் துளை. நல்ல வெயிலில் கறுப்புப் பொலித்தீன் விரித்து, தானியத்தை மெல்லிசாய்ப் பரப்பி, மேலே வெளிச்சம் புகுகிற பொலித்தீனால் மூடி ஓரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். உள்ளே ஏறுகிற சூட்டில் முட்டையும் புழுவும் வேகும். விதைக்கு வைக்கிறதை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம், முளைக்காமல் போகலாம். ஆறிய பிறகு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் தடவிப் பிசறிப் போத்தலில் அடைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்து உழுந்து மாசி அளவில் மலியும். வீட்டுக்குப் பத்துக் கிலோ உழுந்தும் ஐந்து கிலோ பயறும் இருந்தால் மீன் வாங்க முடியாத நாட்களில் பிள்ளைகளுக்குப் புரதம் உண்டு.

கச்சானில் ஒரு எச்சரிக்கை. பூஞ்சணம் பிடித்த கச்சான், கொப்பரா, சோளம் எதுவாக இருந்தாலும் எறிந்துவிடுங்கள். அதில் உண்டாகிற அப்லாரொக்சின் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு, வறுத்தாலும் அவித்தாலும் போகாது. கோழிக்குப் போடுவதும் கூடாது. கழுவிக் காய வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் கோதோடு வாங்கி உடைத்துப் பாருங்கள்.

பனையை மறக்க வேண்டாம், காசில்லாமல் கிடைக்கிற இருப்பு அதுதான். ஆவணி புரட்டாதியில் பனங்காய் விழும். பனங்களியைக் காய வைத்துப் பனாட்டுப் போட நேரமில்லாவிட்டாலும் விதையைப் பாத்தியில் அடுக்கினால் மார்கழி தையில் கிழங்கு. அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல், பச்சையாய்க் கிழித்துக் காய வைத்தால் ஒடியல். காய்ந்து போத்தலுக்குள் போனால் வருடம் தாண்டும். கருவாட்டை வெயில் காலத்தில், கடலில் மீன் படுகிற நேரம், கரைக்குப் போய் வாங்குவது மலிவு. மழை மாதத்தில் அது ஈரம் இழுத்துப் புழு வைக்கும், அதனால் ஒரு மாதத் தேவைக்கு மேல் நான் சொல்ல மாட்டேன். தேங்காயை உரிக்காமல் நிழலில் வைத்தால் இரண்டு மாதம் பயமில்லை. வேலியோரம் நிற்கிற மரவள்ளியும் முருங்கையும் காவல் கேட்காத களஞ்சியம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மரவள்ளிதான் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது. தோலுரித்து, மூடாமல் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கப்பல் சாமானுக்கு வருவோம். மாதச் சாமான் எடுக்கும்போது ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இரட்டிப்பாய் எடுங்கள். இந்த மாதம் சீனி, அடுத்த மாதம் பருப்பு, அதற்கடுத்தது சவுக்காரம். ஆறு மாதத்தில் எல்லாவற்றிலும் ஒரு மாத இருப்பு வந்துவிடும், பாரமும் தெரியாது. சவுக்காரம், உப்பு, சீனி கெடாத சாமான், கூட வைக்கலாம். 2025இல் மழையால் உப்பளங்கள் படுத்து உப்புக்கே தட்டுப்பாடு வந்தது. ஆனையிறவை வைத்துக்கொண்டு உப்புக்குத் திரிவோம் என்று யார் நினைத்தது? கோதுமை மா ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம், வண்டும் புளிப்பும் வரும். பால்மா திகதி பார்த்து, பைக்கற் உடைக்காமல், நீங்கள் குடிக்கிற அளவுக்கு மட்டும். புதிதாக வாங்கியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் இழுங்கள். களஞ்சியத்தில் நாங்கள் பெரிய கொப்பி வைத்துச் செய்த வேலையை வீட்டில் போத்தல் மூடியில் மாதத்தை எழுதி ஒட்டினால் செய்துவிடலாம்.

மலிவாய் எடுக்க ஒரு வழி, கூட்டாக எடுப்பது. அயலில் ஐந்தாறு வீடு சேர்ந்து ஒரு மூடை சீனி, ஒரு மூடை பருப்பு மொத்தக் கடையில் எடுத்து நிறுத்துப் பிரியுங்கள். மாதர் சங்கம் இருந்தால் அதன் தராசு இருக்கும். இல்லாவிட்டால் சங்கக்கடையில் கேளுங்கள். மூடையைப் பிரிக்கும்போது எல்லோரும் நிற்க வேண்டும், சிந்துவதையும் சாக்கு நிறையையும் எப்படிக் கழிப்பது என்று முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பல கூட்டுக்கள் உடைந்தது காற்கிலோச் சண்டையில். சின்னப் பைக்கற் மலிவு மாதிரித் தெரியும், கிராமுக்குக் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் பெரியதுதான் குறைவு. ஆனாலும் எப்போதும் அப்படியில்லை, கைபேசியில் பிரித்துப் பாருங்கள். பைக்கற்றில் அடித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் கேட்டால் 1977க்கு அழைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். நீங்கள் கடன் கொப்பி வைத்திருக்கிற கடையென்றால் முறையிடுவது லேசில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் முதலில் சேருகிற காசில் அந்தக் கொப்பியை வெட்டுங்கள் என்பேன். கொப்பிக் கடைக்காரரிடம் விலை பேச முடியாது.

காசு எங்கிருந்து? கடன் எடுத்து இருப்பு வைக்க வேண்டாம், நகையை அடகு வைத்தும் வேண்டாம். வாரத் தவணை நுண்கடனால் எங்கள் பெண்கள் பட்டது உங்களுக்கும் தெரிந்ததுதான். வட்டி கட்டி வாங்கின நெல்லில் மேலே சொன்ன அந்தக் கொஞ்ச ஆதாயமும் எங்கே நிற்கும்? சீட்டுப் பிடிக்கலாம், தெரிந்த பத்துப் பேரோடு, உங்கள் முறை ஆவணியில் விழுகிற மாதிரிக் கேட்டு எடுங்கள். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் காசு வருகிறதென்றால் அதில் ஒரு பங்கை எடுத்தவுடனே ஒதுக்கிவிடுங்கள், மிஞ்சினால் பார்ப்போம் என்றால் மிஞ்சாது. ஒன்றுமே முடியாத மாதத்திலும் பிடியரிசி முடியும். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துப் பக்கத்துப் பானையில் போடுகிற பழக்கத்தில் எங்கள் ஆட்கள் பள்ளிக்கூடமே கட்டினார்கள். காலையும் இரவும் ஒவ்வொரு பிடி எடுத்தால் மாதம் மூன்று கிலோ மட்டில் சேரும்.

சாப்பாடு தவிர்ந்ததில், மழைக்கு முன் விறகை வெட்டித் தறப்பாளுக்குக் கீழே அடுக்குவது முதல் வேலை. நெருப்புப்பெட்டி போத்தலுக்குள். மண்ணெண்ணெய் ஐந்து லீற்றர் போதும், அடுப்படிக்கு வெளியே, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், தண்ணீர்ப் போத்தலில் மட்டும் ஊற்றாதீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றைக் குளோரின் போட்டுத்தான் பாவிக்க வேண்டும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித் தருவார். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனிப் பைக்கற் நாலைந்து வீட்டில் இருக்கட்டும்.

மருந்து விஷயத்தில் என் சொல்லை எடுக்க வேண்டாம். மாமி கிளினிக் மருந்து பாவிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மழைக் காலத்தில் றோட்டு மூடினால் என்ன செய்வது என்று கிளினிக்கிலேயே கேளுங்கள், சில நாள் மருந்து கூடுதலாகத் தருவார்களா என்று தீர்மானிக்க வேண்டியது அவர்கள். சின்னவனுக்குப் பால்மாவை விட்டு வேறு கொடுப்பது பற்றிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது தானியமும் களஞ்சியமும்தான்.

இருப்பு என்பது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை. 2008, 2009இல் நெல் மூடைகளை அப்படியே விட்டுவிட்டு நடந்த சனம் நாங்கள். மூன்று மாதத்துக்கு மேல் சேர்க்கச் சொல்லி யாரையும் நான் தூண்டுவதில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். மற்றது எலி. நெல் கூடினால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். அரிசியில் மூன்று மாதம், மற்றதில் ஒரு மாதம், உங்கள் வீட்டுக்கு அது காணும்.

அயலவர் கேட்டால் என்ன செய்வது என்றீர்களே. வன்னியில் இருந்துகொண்டு இல்லை என்று சொல்லி எத்தனை நாளைக்குச் சமாளிப்பீர்கள்? கொடுங்கள், ஆனால் அளந்து கொடுங்கள். அரிசி அளக்கிற பேணியான வீட்டுச் சுண்டை ஒருதரம் கடைத் தராசில் நிறுத்து, எத்தனை கிராம் பிடிக்கிறது என்று எழுதி வையுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதே சுண்டால் தலை தட்டி அளவுங்கள். அரிசிக்கு அரிசி, காசுக்கு மாற்ற வேண்டாம், விலை ஏறியிருந்தால் மனக்கசப்பு வரும். ஐந்து வீடு சேர்ந்து மூடை எடுக்கிற கூட்டுக்கு அப்படிக் கேட்டு வருகிறவரையே முதலில் சேர்த்துவிடுங்கள். பால்மாவும் மண்ணெண்ணெயும் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.